பாதி நாளும் ஒரு நாள்தான்

டிஎஸ்-160 என்பது அமெரிக்க விசாவுக்கான இணைய விண்ணப்பம். பெயர், பிறந்த ஊர், குடியுரிமை என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, போகிற போக்கில் ஒன்றைக் கேட்கும்: உங்கள் குடியுரிமை நாட்டைத் தவிர வேறு ஏதேனும் நாட்டில் நிரந்தரவாசியாக இருக்கிறீர்களா? கீழே இரண்டு சிறு வட்டங்கள். ஆம், இல்லை. 2022 மே மாதத்தில் ஒரு நாள் இரவு அந்த இரண்டு வட்டங்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால் அந்தப் படிவம் ஆளை வெளியே தள்ளிவிடும். தள்ளியது. மறுபடி எண்ணைப் போட்டு, பாதுகாப்புக் கேள்விக்குப் பாட்டியின் பெயரைச் சொல்லி உள்ளே போக வேண்டியிருந்தது.

விடை தெரியாமல் இல்லை. 2019 ஆகஸ்டிலிருந்து நான் கனடாவின் நிரந்தரவாசி. மிச்சிகனில் எச்-1பி என்ற தற்காலிகப் பணி விசாவில் வேலை, பையில் கனடா கார்டு. கையைப் பிடித்து இழுத்தது ஊர்ப்பேச்சுதான். டெட்ராய்ட் புறநகரில் இருக்கும் நம்மவர்கள் கூடும் இடங்களில், கோயில் வாசலிலோ பிறந்தநாள் விருந்திலோ, இது பற்றி ஆளாளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள். கனடா பி.ஆர்., அதாவது நிரந்தரவாசி உரிமை, வாங்கினால் எச்-1பி நீட்டிப்பு கிடைக்காது என்பார் ஒருவர். கிடைக்கும், ஆனால் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை குத்த மாட்டார்கள் என்பார் அடுத்தவர். "நீங்களாக ஏன் சொல்கிறீர்கள்? அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது?" என்று கேட்டவர், நல்ல மனிதர், எனக்கு மாவு அரைத்துக் கொடுத்திருக்கிறார்.

சட்டம் இவர்கள் சொல்வது போல இல்லை. சுற்றுலாவுக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள்தான் ஊர் திரும்புவோம் என்று அதிகாரியை நம்ப வைக்க வேண்டும். எச்-1பிக்கும், நிறுவனத்துக்குள்ளேயே மாற்றலாகி வருகிறவர்களுக்கான எல்-1-க்கும் அந்தச் சுமை கிடையாது. அமெரிக்காவிலேயே தங்கிவிட ஆசைப்பட்டு கிரீன் கார்டுக்கு வரிசையில் நின்றுகொண்டே எச்-1பி வைத்திருக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது, பக்கத்து நாட்டில் தங்க ஆசைப்படுவது எப்படிக் குற்றமாகும்? ஆனால் கேட்ட கேள்விக்குத் தெரிந்தே பொய் எழுதினால் அது குற்றம், ஆயுள் முழுவதும் உள்ளே நுழைய முடியாமல் போகக்கூடிய குற்றம். வழக்கறிஞருக்கு அரைப்பக்கம் மின்னஞ்சல் எழுதினேன். "உண்மையை எழுதுங்கள்" என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. அதற்கும் கட்டணம் போட்டிருப்பார்.

ஆம் என்ற வட்டத்தை அழுத்தினேன். எந்த நாடு என்று கேட்டது. கனடா என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டது.

கனடா எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் மிச்சிகனுக்கு வந்தது 2013 அக்டோபரில். கார்களுக்கான மென்பொருள் எழுதும் வேலை. எச்-1பி மூன்று மூன்று வருடமாக ஆறு வருடம். அதற்குள் நிறுவனம் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டு, ஐ-140 என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டால், வரிசை முடியும் வரை மேலும் மூன்று மூன்று வருடமாக நீட்டிக்கொண்டே போகலாம். என் வரிசை எண்ணாகிய முன்னுரிமைத் தேதி 2015 மார்ச். வேலை வழியாக ஒரு வருடத்துக்கு ஏறத்தாழ 1,40,000 கிரீன் கார்டுகள், மனைவி மக்களையும் சேர்த்து. அதில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் பொதுவாக 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. சின்னஞ்சிறு தீவுக்கும் அதே உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே உச்சவரம்பு. வரிசை எந்தத் தேதி வரை வந்திருக்கிறது என்று சொல்லும் விசா புல்லட்டினை 2019-ல் ஒவ்வொரு மாதமும் வந்ததும் திறந்து பார்ப்பேன். என் பிரிவான ஈபி-2 இந்தியா என்ற கட்டத்தில் இருந்த தேதி அந்த வருடம் முழுவதும் 2009-ஐ விட்டு வெளியே வரவே இல்லை.

என்னுடைய நிலைமைக்குக்கூட நான் இவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டேன். மகள் பிறந்தது 2010-ல், கோயம்புத்தூரில். 2031-ல் அவளுக்கு 21 வயது. அன்றோடு என்னைச் சார்ந்த எச்-4 விசா அவளுக்கு முடிந்துவிடும். ஆறு வயதிலிருந்து அமெரிக்கப் பள்ளியில் கொடிவணக்கம் சொன்ன பெண், மாணவர் விசாவுக்கு விண்ணப்பித்து, "படித்து முடித்ததும் ஊருக்குப் போய்விடுவேன்" என்று ஓர் அதிகாரியிடம் சொல்ல வேண்டும். எந்த ஊருக்கு? மனைவிக்கு வேறு சங்கடம். என் ஐ-140-ஐக் காட்டி வேலை அனுமதி அட்டை வாங்கியிருந்தாள். அந்த அட்டையின் புதுப்பிப்பு தாமதமானபோதெல்லாம் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டாவது முறை ஏழு மாதம். அவள் வேலை பார்த்தது குழந்தைகள் காப்பகத்தில். ஏழு மாதம் கழித்துப் போனபோது, அம்மா என்று கூப்பிட்டு மடியில் ஏறிய குழந்தை இவளை யாரென்று பார்த்ததாம். அன்றிரவுதான் கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கணக்குத் தொடங்கினோம்.

அதன் விவரங்களை இங்கே எழுதப்போவதில்லை. ஆங்கிலத் தேர்வு, பட்டச் சான்றிதழ் மதிப்பீடு, அழைப்பு வந்த 60 நாளுக்குள் இந்தியக் காவல்துறைச் சான்றும் எஃப்.பி.ஐ. கைரேகைச் சான்றும் மருத்துவப் பரிசோதனையும். ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது.

லேண்டிங்குக்கு, அதாவது நிரந்தரவாசியாக முதல் முறை கனடாவுக்குள் நுழைய, போன நாள் ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டிலிருந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கனடாவில் இருக்கும் வின்ட்சர் முக்கால் மணி நேரம். டெட்ராய்ட் ஆற்றுக்கு அடியில் 1930-ல் திறந்த சுரங்கம், ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நடுவில் சுவரில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் எல்லைக்கோட்டையும் காணலாம். கனடாவுக்கு எல்லோரும் வடக்கே போவார்கள், டெட்ராய்ட்காரன் மட்டும் தெற்கே போவான். நில அமைப்பு அப்படி.

குடியேறுகிறவர்கள் பொருள் பட்டியல் ஒன்று தர வேண்டும். இன்று கொண்டுவருபவை ஒரு பக்கம், பின்னால் வரப்போகிறவை ஒரு பக்கம். பின்னால் வரும்போது அந்தப் பட்டியலில் இருந்தால் வரி இல்லை. இன்று கொண்டுவருபவை என்ற இடத்தில் எங்களிடம் உடுத்தியிருந்த துணியும் மகளின் தண்ணீர் பாட்டிலும்தான் இருந்தன. பின்னால் வருபவை 41 வரி. ஏழாவது வரியில் அதிகாரியின் பேனா நின்றது.

"இது என்ன கிரைண்டர்? இறைச்சிக்கா?"

"அரிசிக்கு. உள்ளே கல் இருக்கும்" என்றாள் மனைவி.

"கல்லா?"

"கல்தான். எங்கள் ஊர்க் கல்."

அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்திவிட்டு, கார்டு கனடிய முகவரிக்குத்தான் தபாலில் வரும் என்றார். வின்ட்சரில் இருந்த நண்பரின் முகவரியைக் கொடுத்தோம். மதியம் அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே அமெரிக்கா திரும்பினோம்.

திரும்பும்போதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாஸ்போர்ட்டில் இருந்த எச்-1பி முத்திரை 2016-லேயே காலாவதி. விசா முத்திரை என்பது வாசலில் காட்டும் சீட்டு. உள்ளே இருப்பதற்கான அனுமதி ஐ-94 என்ற தாளில் உள்ள தேதி. இந்த வேறுபாடு தெரியாமல் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம். உள்ளே இருக்கும்வரை முத்திரை காலாவதியானால் பாதகமில்லை, வெளியே போனால்தான் வம்பு. அதற்குப் பயந்தே மூன்று வருடமாக ஊருக்குப் போகவில்லை. ஆனால் கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்குள் போய்த் திரும்பினால், ஐ-94 உயிரோடு இருக்கும் பட்சத்தில், காலாவதியான முத்திரையையே செல்லுபடியாகக் கருதி உள்ளே விடும் விதி ஒன்று உண்டு. தானியங்கி மறுசெல்லுபடி என்று அதற்குப் பெயர். இதில் ஒரு கண்ணி: அங்கே போய்ப் புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் சலுகை கிடையாது. நாங்கள் விண்ணப்பிக்கவில்லை. ஜன்னலில் இருந்தவர் முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், பிறகு எச்-1பி ஒப்புதல் தாளான ஐ-797-ன் அடியில் இருந்த ஐ-94-ஐப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

தமிழ்நாட்டில் எல்லோரும் இதைக் "கனடா குடியுரிமை" என்றே சொல்கிறார்கள். டொராண்டோ பக்கத்து ஈழத்தமிழர்கள் "நிரந்தர வதிவிட உரிமை" என்கிறார்கள். சொல் நீளமானாலும் துல்லியம். வதிவதற்கான உரிமை; வதியாவிட்டால் போய்விடும். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவுக்குள் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால், 2022 ஆகஸ்ட் வரை வெளியே இருக்கலாம், அதன் பிறகு இடைவெளியில்லாமல் உள்ளே இருந்தாக வேண்டும்.

எக்செல் தாள் ஒன்று தொடங்கினேன். இங்கேதான் அந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பெருந்தன்மையைக் கண்டுபிடித்தேன். ஒரு நாளின் ஏதாவது ஒரு பகுதி கனடாவில் இருந்தாலும் அது முழு நாளாகக் கணக்கில் சேரும். ஞாயிற்றுக்கிழமை சுரங்கத்தைக் கடந்து, வின்ட்சர் ஆற்றங்கரையில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு நாள். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் குடித்த காபிக்கு அளவே இல்லை. சுங்கச்சீட்டுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அமெரிக்கா இதற்கு நேர் எதிர். எச்-1பி ஆறு வருடக் கணக்கில், வெளிநாட்டில் இருந்த நாளைக் கழித்துக்கொள்ளலாம், ஆனால் முழுதாக 24 மணி நேரம் வெளியே இருந்திருந்தால்தான். பாதி நாள் உள்ளே இருந்தாலும் அது அமெரிக்காவின் நாள். ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இரண்டு நாட்டுக் கணக்கிலும் முழு நாள்களாகச் சேர்ந்தன. என் வாழ்க்கையில் நான் இரண்டு முறை வாழ்ந்த நாள்கள் அவைதான்.

2020 மார்ச்சில் எல்லை மூடியது. நிரந்தரவாசிகள் கனடாவுக்குள் போகலாம், ஆனால் 14 நாள் தனிமை. காபிக்காக 14 நாள் அடைந்து கிடக்க முடியுமா? தாளில் ஒன்றரை வருடம் வெற்றுக் கட்டங்கள். பிறகு 2022 பிப்ரவரியில், வின்ட்சரில் வீடு தேட ஆரம்பித்த வாரத்தில், தடுப்பூசிக் கட்டாயத்தை எதிர்த்தவர்கள் டெட்ராய்டையும் வின்ட்சரையும் இணைக்கும் அம்பாசடர் பாலத்தை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். சுரங்கம் திறந்திருந்தது, எல்லோரும் சுரங்கத்துக்கே வந்தார்கள். வீட்டுத் தரகர் எங்களுக்காகக் காத்திருந்து காத்திருந்து மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

எங்கள் திட்டம் எளிது. குடும்பம் வின்ட்சரில், வேலை மிச்சிகனில், நான் தினமும் சுரங்கம் வழியாகப் போய்வருவது. வின்ட்சரிலிருந்து டெட்ராய்ட் மருத்துவமனைகளுக்குப் போய்வரும் செவிலியர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் தினசரிப் பயணத்துக்கு அந்தத் தானியங்கி விதியை நம்ப வழக்கறிஞர் சம்மதிக்கவில்லை. முறையான முத்திரை வேண்டும். ஏப்ரலில் நிறுவனம் நீட்டிப்பு மனுப் போட்டது, 2,500 டாலர் கூடுதலாகக் கட்டியதால் பதினைந்து நாளுக்குள் ஐ-797 வந்தது. மே மாதம் டிஎஸ்-160. ஜூலை முதல் வாரத்தில் வாடகை வண்டியில் வீட்டைக் காலி செய்துகொண்டு கிளம்பினோம்.

சுங்கத்தில் பழைய பட்டியலை நீட்டினேன். இது வேறு அதிகாரி, ஒரு பெண். ஏழாவது வரியில் அவருடைய பேனாவும் நின்றது.

"2019-ல் எழுதியிருக்கிறீர்கள். மூன்று வருடமாக இது எங்கே இருந்தது?"

"அரைத்துக்கொண்டிருந்தது" என்றேன்.

தூதரக நேர்காணல் இரண்டு வாரம் கழித்து, கனடாவின் வேறொரு நகரத்தில். முந்தைய இரவு விடுதியில் மனைவி தொலைபேசியில் மாதிரிக் கேள்விகள் கேட்டுப் பயிற்சி கொடுத்தாள். கனடா பற்றி மட்டும் பதினோரு கேள்வி தயாரித்திருந்தாள். மறுநாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி திரையைப் பார்த்துக்கொண்டே, "இங்கே பி.ஆர். என்று இருக்கிறதே, இங்கேதான் குடியிருக்கிறீர்களா?" என்றார். ஆமாம், இரண்டு வாரமாக என்றேன். வேலைக்கு? தினமும் போய்வருவேன். "நல்ல தூரம்தான்" என்றார். அவ்வளவுதான். மூன்று வருடம் கோயில் வாசலில் பேசிப் பேசி ஊதிய பூதம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

அடுத்த கேள்வி, என்ன மென்பொருள் எழுதுகிறீர்கள் என்பது. கார்களுக்கான ராடார் என்றேன். ராடார் என்ற சொல்லுக்கு அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தினார். ஒரு தாளைக் கொடுத்தார்: 221(ஜி). வேலை விவரம், படிப்பு விவரம், எழுதிய ஆய்வுக்கட்டுரைகள், கடந்த வருடங்களின் பயணங்கள் எல்லாவற்றையும் அனுப்ப வேண்டும், நிர்வாகப் பரிசீலனை. எவ்வளவு நாள்? சொல்ல முடியாது.

யாரும் இதைப் பற்றி எச்சரிக்கவில்லை. மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, தினமும் காலையில் விசா நிலவரப் பக்கத்தைத் திறப்பேன். பரிசீலனையில் இருப்பதற்கும் அந்தப் பக்கம் காட்டும் சொல் "நிராகரிக்கப்பட்டது" என்பதுதான். விவரம் தெரிந்தவர்களுக்கு அது வெறும் குறிச்சொல். அதற்காகக் காலை காபி இறங்கிவிடுமா? விண்ணப்பித்துவிட்டதால் பழைய சலுகையும் கிடையாது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் அலுவலகம் இருக்கும் திசை மாடியிலிருந்து தெரியும், போக முடியாது. இங்கிருந்தே வேலை செய்கிறேன் என்றால், கனடாவில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குக் கனடிய முறையில் சம்பளப் பதிவு வேண்டும், அது எங்களிடம் இல்லை என்று மனிதவளத் துறை கைவிரித்தது. சம்பளமில்லா விடுப்பு. ஐந்து வாரம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே தாளை வாங்கிக்கொண்டு அதே வாரம் வெளியே வந்த ஒரு தெலுங்கு இளைஞர், கனடாவில் வெறும் பார்வையாளர். விடுதி அறை, மிச்சிகனில் கர்ப்பிணி மனைவி, தினமும் பில் ஏறுகிறது. நான் என் சொந்த வாடகை வீட்டில், நூலக அட்டையோடு, மகளுக்குப் பள்ளி தேடிக்கொண்டிருந்தேன். மனைவி அந்த ஐந்து வாரத்துக்குள் வேலைக்கே சேர்ந்துவிட்டாள். நியமனக் கடிதத்தோடு வீட்டுக்கு வந்து, "உங்களுடைய எந்தக் காகிதத்தையும் அவர்கள் கேட்கவில்லை, என்னங்க" என்றாள். அதைச் சொல்லும்போது குரலில் இருந்ததைக் கேட்க இன்னும் ஐந்து வாரம்கூட இருந்திருப்பேன்.

முத்திரை ஆகஸ்ட் கடைசியில் வந்தது, 2025 செப்டம்பர் வரை செல்லும்படி. பாஸ்போர்ட் 2023 தொடக்கத்தில் காலாவதியாக இருந்தது. அதனால் முதல் நாள் எல்லையில் கொடுத்த ஐ-94-ம் அதே தேதியோடு நின்றுவிட்டது. இரவு வீட்டில் பதிவிறக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து, மறுபடி எல்லையில் புது ஐ-94 வாங்கி நேர் செய்துகொண்டேன். எச்-1பி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு முறை உள்ளே நுழைந்த பிறகும் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஐ-797-ல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பிறகு மூன்று வருடம், தினமும் சுரங்கம். எங்கே குடியிருக்கிறாய்? வின்ட்சர். எங்கே வேலை? மிச்சிகன். எந்த நாட்டுக்காரன்? இந்தியா. புதிதாக வரும் அதிகாரிகள் இந்த மூன்று பதிலையும் கேட்டுவிட்டு ஒரு நொடி யோசிப்பார்கள். கோவையிலிருந்து அம்மாவும் அதையேதான் கேட்பார்: "கண்ணு, இப்போது நீ எந்த ஊரில் இருக்கிறாய்?" சுரங்கத்துக்குள் கைபேசிக்கு சிக்னல் கிடையாது என்பதால் பதில் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துவிடும். வரி இரண்டு பக்கமும் கட்ட வேண்டும், இங்கே கட்டியதை அங்கே கழித்துக்கொள்ளலாம்; அதற்கு ஒரு கணக்காளர், அவருக்கு ஒரு கட்டணம்.

2025 ஆகஸ்டில் கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அதற்கு 1,095 நாள் வேண்டும்; அதிலும் பாதி நாள் முழு நாள்தான். குடியுரிமை வந்துவிட்டால் எச்-1பிக்கு முத்திரையே தேவையில்லை. ஆனால் கிரீன் கார்டு வரிசையில் ஓர் அங்குலம்கூட முன்னேற மாட்டேன். அந்த வரிசை பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த ஊரைப் பார்க்கிறது. எத்தனை நாட்டுக் குடிமகனானாலும் நான் கோயம்புத்தூர் மகப்பேறு விடுதி ஒன்றில் பிறந்தவனாகவே அதில் நிற்பேன். அம்மாவிடம் இதைச் சொன்னபோது மகிழ்ந்தார்.

குடியுரிமை வருவதற்கு முன் இன்னொரு முறை முத்திரை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 6-ல் புது விதி: குடியேற்றம் சாராத விசாவுக்கு அவரவர் குடியுரிமை நாட்டிலோ வசிக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும். மிச்சிகன் நண்பர்கள் கனடாவில் வாங்கியிருந்த தேதிகளை விட்டுவிட்டுச் சென்னைக்கு இடம் தேடினார்கள். எனக்கு அந்த அவசியம் இல்லை. டிஎஸ்-160-ல் ஆம் என்ற வட்டத்தைத் தொட்டவன் நான். அக்டோபர் நேர்காணல் பத்து நிமிடத்தில் முடிந்தது. ராடாரைப் பற்றி இம்முறை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அக்டோபருக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை வந்துபோனது. செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை சாயங்காலம், எச்-1பி மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவிப்பு. சனி இரவு தாண்டி ஞாயிறு பிறக்கும் 12:01-லிருந்து அமல். யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று ஒருவருக்கும் தெளிவில்லை. இரவு ஒன்பது மணிக்கு நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல்: வெளிநாட்டில் இருக்கும் ஊழியர்கள் உடனே அமெரிக்காவுக்குள் வந்துவிடவும். நான் வெளிநாட்டில்தான் இருந்தேன், என் வீட்டு சோபாவில். என் பழைய முத்திரைக்கு இன்னும் பதினோரு நாள் ஆயுள் இருந்தது.

சனிக்கிழமை காலை இரண்டு சட்டையும் மாத்திரைகளும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சுரங்கத்தைக் கடந்தேன். சக ஊழியர் ஒருவர் வீட்டில் தங்கல். அங்கே ஏற்கெனவே இன்னொருவர் வந்து உட்கார்ந்திருந்தார். விடுமுறையைப் பாதியில் விட்டுவிட்டு, டொராண்டோவிலிருந்து இரவெல்லாம் ஓட்டி வந்தவர். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று அன்றே விளக்கம் வந்தது. படித்தோம். மறுபடி படித்தோம். யாரும் எழுந்து கிளம்பவில்லை. இரவு பன்னிரண்டு தாண்டும் வரை மூன்று பேரும் தயிர்சாதத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தோம். பன்னிரண்டு ஒன்றுக்கு எதுவும் நடக்கவில்லை. ஞாயிறு மதியம் வீடு திரும்பினேன்.

குடியுரிமைக்கு விண்ணப்பித்த பிறகும் எக்செல் தாள் பழக்கம் விடவில்லை. இப்போது மகள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள், பதினைந்து வயது. அன்று மாலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நிரப்பினாள். சனிக்கிழமை காலையில் கிளம்பியதால் சனி ஒரு நாள், கனடா. ஞாயிறு மதியம் வந்துவிட்டதால் ஞாயிறு ஒரு நாள், கனடா. இரண்டு கட்டத்திலும் 1 போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆனால் நேற்று ராத்திரி நீங்கள் இங்கே இல்லையே, அப்பா?"

"விதிப்படி இருந்தேன்" என்றேன். அவள் தாளைச் சேமித்துவிட்டு மூடினாள்.